சமுதாயக் கல்லூரியில் பொதுச் சுகாதாரம் படிக்க விரும்பும் மகள்: எதைப் பார்த்துச் சேர்ப்பது?

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் கலிபோர்னியாவில் சான் ஹோசேயில் வசிக்கிறோம். மகள் வரும் ஜூன் மாதம் உயர்நிலைப் பள்ளியை முடிக்கிறாள். பொதுச் சுகாதாரம்தான் படிப்பேன் என்பதில் உறுதியாக இருக்கிறாள். முதல் இரண்டு ஆண்டுகளை வீட்டிலிருந்து போய்வரக்கூடிய சமுதாயக் கல்லூரியில் முடித்துவிட்டு, பிறகு நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்வதாகவும் சொல்கிறாள். 2020 மார்ச் 16 அன்று எங்கள் சாண்டா கிளாரா உட்பட சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் ஆறு கவுன்டிகள் (நம்மூர் மாவட்டம் போன்றவை) ஒன்றுசேர்ந்து வீட்டிலேயே இருக்கும்படி உத்தரவிட்டபோது அவள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். கவுன்டிச் சுகாதார அதிகாரியாக இருந்த சாரா கோடி அந்த முடிவை மக்களுக்கு விளக்கியதைப் பார்த்ததிலிருந்து இந்த ஆர்வம் தொடங்கியதாக நினைக்கிறேன்.

இந்தத் துறை எனக்கு முற்றிலும் அந்நியமானதன்று. என் அக்கா களக்காடு பக்கத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் இந்த நாட்டுக் கல்வி அமைப்பு எனக்குப் பிடிபடவில்லை. இரண்டாண்டுப் பட்டத்தோடு நின்றுவிட்டால் என்ன வேலை கிடைக்கும்? சுகாதாரக் கல்வி என்றும் பொதுச் சுகாதாரம் என்றும் கல்லூரிப் பட்டியலில் தனித்தனியாக இருக்கின்றனவே, இரண்டும் ஒன்றா? உறவினர்கள் "கம்யூனிட்டி காலேஜா?" என்று இழுத்துக் கேட்கும்போது மகளின் முகம் சுருங்குவதையும் பார்க்கிறேன். அவர்களுக்காக அவளை வேறு இடத்தில் சேர்க்கப் போவதில்லை. இருந்தாலும் அவர்கள் கேட்பதில் நியாயம் ஏதும் இருந்தால் அதையும் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

---

கயல் எழுதியது:

ஐயா, வணக்கம். நான் ஒரு கவுன்டியின் பொதுச் சுகாதாரத் துறையில் சுகாதாரக் கல்வியாளராகப் பணிபுரிகிறேன். படிப்பைச் சமுதாயக் கல்லூரியில்தான் தொடங்கினேன்.

பலரும் கலந்து குழப்பிக்கொள்ளும் மூன்று வழிகளை முதலில் பிரித்துச் சொல்கிறேன். முதலாவது, சமூகச் சுகாதாரப் பணியாளருக்கான சான்றிதழ். ஓராண்டு அளவில் முடிந்துவிடும். முடித்தவுடன் மருத்துவமனை, சமூக மருத்துவ நிலையம், தொண்டு நிறுவனம் போன்ற இடங்களில் களப்பணிக்குப் போகலாம். சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரி இத்தகைய சான்றிதழை 1990களின் தொடக்கத்திலிருந்தே நடத்திவருகிறது. இரண்டாவது, டிரான்ஸ்ஃபரை, அதாவது நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதை, நோக்கமாகக் கொண்ட இரண்டாண்டுப் பட்டம். பொதுச் சுகாதாரத்தில் இளங்கலை முடிப்பதற்கான பாதி வழி அது. மூன்றாவது, செவிலியர் படிப்புக்கான முன்தேவைப் பாடங்கள். உடற்கூறியல், உடலியங்கியல் வகுப்புகளில் உங்கள் மகளோடு உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் அந்த வழியில் போகிறவர்களாக இருப்பார்கள். அவர்கள் எடுக்கும் பாடங்களைப் பார்த்து இவளும் எடுத்தால் யூனிட்டுகள் (பாடங்களின் அளவைக் கணக்கிடும் அலகுகள்) வீணாகும்.

உங்கள் முதல் கேள்விக்கு ஒளிவுமறைவின்றிப் பதில் சொல்வதானால், பொதுச் சுகாதாரத்தில் இரண்டாண்டுப் பட்டம் மட்டும் வைத்திருப்பவரைத் தேடும் வேலை விளம்பரத்தை நான் ஏறத்தாழப் பார்த்ததே இல்லை. களப்பணிக்குச் சான்றிதழ் கேட்பார்கள். கல்வியாளர் பணிக்கு இளங்கலை கேட்பார்கள். நடுவில் நிற்கும் பட்டத்துக்குத் தனி மதிப்பு மிகக் குறைவு. எனவே கல்லூரியில் சேரும் நாளிலேயே, சான்றிதழா டிரான்ஸ்ஃபரா என்று முடிவு செய்துவிடுவது நல்லது.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பொதுச் சுகாதாரம் என்பது பரந்த துறை. நோய்ப்பரவலியல், சுற்றுச்சூழல், கொள்கை, புள்ளியியல் எல்லாம் அதில் அடங்கும். மக்கள் தங்கள் உடல்நலம் குறித்து முடிவெடுப்பதற்குத் தேவையான அறிவையும் சூழலையும் உருவாக்குவது சுகாதாரக் கல்வி. அது பெரிய துறையின் ஒரு கிளை. அதற்கென்று "செஸ்" எனப்படும் தேசிய அளவிலான சான்று ஒன்று இருக்கிறது. அந்தத் தேர்வில் 165 கொள்குறி வினாக்கள் உண்டு. மதிப்பெண்ணுக்குக் கணக்கிடப்படுபவை 150. எழுதுவதற்கு இளங்கலைப் பட்டமும், துறை சார்ந்த பாடங்களில் குறைந்தது 25 செமஸ்டர் யூனிட்டுகளும் தேவை. ஆகவே அதுவும் சமுதாயக் கல்லூரியோடு முடிகிற விஷயமாக இருக்காது.

---

மேற்குமலை எழுதியது:

நண்பர் கயல் சொன்னதை வைத்துக்கொண்டே நான் எதிர்த்தரப்பிலிருந்து பேசுகிறேன். பொருநைக்கரை அண்ணன் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் 2023ஆம் ஆண்டுக் கணக்குப்படி, சுகாதாரக் கல்வி வல்லுநரின் இடைநிலை ஆண்டுச் சம்பளம் நாடு முழுவதற்கும் 62,000 முதல் 63,000 டாலர். சமூகச் சுகாதாரப் பணியாளருக்கு 48,000 டாலர் அளவில்தான் இருந்தது. கலிபோர்னியாவில் கொஞ்சம் கூடுதலாக இருக்கும் என்றாலும், சான் ஹோசேயின் வாடகையை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அடுத்தது, இந்த வேலைகளில் பல அரசு மானியத்தில் ஓடுபவை. 2025 மார்ச்சில் கோவிட் காலத்து நிதியில் சுமார் 11 பில்லியன் டாலரை மத்திய அரசு திரும்பப் பெறுவதாக அறிவித்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. அந்த அறிவிப்பு வந்த வாரத்தில் மாநிலச் சுகாதாரத் துறைகள் பலவற்றில் வேலையிழப்புக் கடிதங்கள் பறந்ததை மறந்துவிட முடியாது.

சமுதாயக் கல்லூரியைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். டிரான்ஸ்ஃபர் எளிது என்ற எண்ணத்தோடு எல்லோரும் சேருகிறார்கள். மாநிலத் தணிக்கையாளர் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்கு மாறும் எண்ணத்தோடு 2017 முதல் 2019 வரை சேர்ந்த மாணவர்களில், நான்கு ஆண்டுகளுக்குள் உண்மையிலேயே மாறியவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர்தான். உறவினர்கள் இழுத்துக் கேட்பதை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் அந்த மீதி நான்கு பேர் எங்கே போனார்கள் என்று நாமும் கேட்க வேண்டும் அல்லவா?

---

கரும்பலகை எழுதியது:

மேற்குமலை குறிப்பிட்ட அறிக்கை உண்மையானது. கல்லூரிகள் அதைப் படித்து வெட்கப்பட வேண்டும் என்பதும் என் கருத்து. நான் ஒரு சமுதாயக் கல்லூரியில் பகுதிநேர ஆசிரியர். சுகாதாரப் பாடங்களே எடுக்கிறேன்.

அந்த நான்கு பேரில் பலரை எனக்குத் தெரியும். முழுநேர வேலைக்குப் போய்க்கொண்டு ஒரு செமஸ்டருக்கு இரண்டு பாடம் மட்டும் எடுப்பவர்கள், குழந்தை பிறந்ததும் நின்றவர்கள், பெற்றோரைக் கவனிக்கப் போனவர்கள் அவர்களில் உண்டு. படிப்பில் சோடை போகாமலே, தவறான பாடங்களை எடுத்ததால் தேங்கிப்போனவர்களும் உண்டு. பொருநைக்கரை கவலைப்பட வேண்டியது இந்தக் கடைசி வகையைப் பற்றி மட்டுமே. ஏனென்றால் முழுநேரமாகப் படிக்கப் போகும் அவருடைய மகளுக்கு முதல் மூன்று வகைச் சுமையும் இல்லை.

இதைத் தவிர்ப்பதற்காகவே 2010இல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அதன்படி உருவான டிரான்ஸ்ஃபர் பட்டங்களில் ஒன்று பொதுச் சுகாதாரத்துக்கும் இருக்கிறது. 60 செமஸ்டர் யூனிட்டுகளை அந்தப் பட்டத்துக்குரிய வரிசையில் முடித்தால், சிஎஸ்யூ எனப்படும் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகங்களில் ஏதேனும் ஒன்றில் இடம் உறுதி. அங்கே அதே துறையில் மேலும் 60 யூனிட்டுகளில் இளங்கலையை முடித்துவிடலாம். இதில் "ஏதேனும் ஒன்றில்" என்ற சொற்களைக் கவனியுங்கள். உங்கள் வீட்டுக்கு அருகிலுள்ள சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதார இளங்கலை இருக்கிறது. ஆனால் அங்கேதான் இடம் கிடைக்கும் என்று சட்டம் சொல்லவில்லை. மதிப்பெண் சராசரியில் சிறு முன்னுரிமை மட்டும் கிடைக்கும்.

யூசி எனப்படும் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி போன்ற வளாகங்களை நோக்கிப் போவதானால் கணக்கு வேறு. ஆறு யூசி வளாகங்கள் சமுதாயக் கல்லூரி மாணவர்களோடு முன்கூட்டியே சேர்க்கை உறுதி ஒப்பந்தம் செய்துகொள்கின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியகோ ஆகிய மூன்றும் அதில் இல்லை. எந்தப் பாடம் எங்கே ஏற்கப்படும் என்பதை "அசிஸ்ட்" என்ற அரசு இணையதளத்தில் கல்லூரி வாரியாகப் பார்த்துக்கொள்ளலாம். கவுன்சலர் சொன்னாலும் சரி, நான் சொன்னாலும் சரி, அந்தத் தளத்தில் ஒருமுறை பார்த்த பிறகே பாடத்துக்குப் பதிவு செய்ய வேண்டும்.

கட்டணத்தையும் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியா வாசிகளுக்கு யூனிட் ஒன்றுக்கு 46 டாலர் என்பது 2012இலிருந்து மாறவில்லை. 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். முதல்முறையாக முழுநேரம் சேருபவர்களுக்குப் பல கல்லூரிகள் முதல் இரண்டு ஆண்டுக்கு அதையும் தள்ளுபடி செய்கின்றன. சிஎஸ்யூவில் 2025-26க்கு ஓராண்டுக் கல்விக் கட்டணம் மட்டுமே 6,450 டாலர்.

---

பனையோலை எழுதியது:

நான் இதே வழியில் போய் இப்போது மூன்றாம் ஆண்டில் பொதுச் சுகாதாரம் படிக்கிறேன். கட்டணத்தையும் யூனிட்டையும் பெரியவர்கள் பேசிவிட்டார்கள். வகுப்பில் என்ன நடக்கிறது என்று யாரும் சொல்லவில்லையே என்பதால் எழுதுகிறேன்.

முதல் செமஸ்டரில் "பொதுச் சுகாதார அறிமுகம்" என்ற பாடம் இருக்கும். 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ எந்தெந்த வீட்டில் யார் இறந்தார் என்று குறித்து, பிராட் தெருவின் அடிகுழாயை நோக்கி விரல் நீட்டிய கதையில்தான் ஏறத்தாழ எல்லா ஆசிரியர்களும் தொடங்குவார்கள். எனக்கு மனத்தில் நின்றது அடுத்த வாரம் வந்த பயிற்சி. ஒரு விருந்தில் 130 பேர் சாப்பிடுகிறார்கள். மறுநாள் பலருக்கு வாந்தி. குற்றவாளி எந்தப் பதார்த்தம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஆசிரியர் கொடுத்தது உருளைக்கிழங்கு சாலட். நான் அதை எங்கள் வீட்டு விசேஷம் போல மாற்றி எழுதிக்கொண்டேன்.

தயிர்சாதம் சாப்பிட்டவர்கள் 80 பேர். அவர்களில் 40 பேருக்கு உடல்நலக் குறைவு. சாப்பிடாதவர்கள் 50 பேர். அவர்களில் 5 பேருக்கு மட்டும். முதல் குழுவில் தாக்க விகிதம் 50 சதவீதம், இரண்டாவதில் 10 சதவீதம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 5 வருகிறது. அதாவது தயிர்சாதம் சாப்பிட்டவருக்கு ஆபத்து ஐந்து மடங்கு. பிறகு புளியோதரைக்கும் வடைக்கும் இதே கட்டத்தைப் போட்டுப் பார்க்க வேண்டும். அவற்றில் விகிதம் ஒன்றை ஒட்டி வந்தால் அவை மீது சந்தேகம் குறையும். சோறு சூடாக வடிக்கப்பட்டு மணிக்கணக்கில் அறை வெப்பத்தில் இருந்தால், பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் முளைத்து நச்சை உண்டாக்கும் என்பதும், மீண்டும் சூடாக்கினால் வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு அழியாது என்பதும் அந்த வாரத்தில் நான் கற்றவை. சாப்பிடாத 5 பேருக்கு எப்படி வந்தது என்று ஆசிரியர் கேட்டார். அதற்கு வகுப்பில் எழுந்த விவாதம் ஒரு மணி நேரம் நீண்டது.

இன்னொரு பாடம் நடத்தைக் கோட்பாடுகளைப் பற்றியது. 1950களில் காசநோய்க்கான இலவச எக்ஸ்ரே வண்டி தெருமுனைக்கே வந்தும் மக்கள் ஏன் போகவில்லை என்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் உளவியலாளர்கள் ஆராய்ந்தார்கள். தனக்கு நோய் வரும் என்று நம்பாதவருக்கு இலவசமும் ஒரு பொருட்டாகத் தெரியாது என்பது போன்ற முடிவுகளிலிருந்து "உடல்நல நம்பிக்கை மாதிரி" பிறந்தது. இதைப் படித்த பிறகுதான், அப்பா ஏன் மூன்று ஆண்டுகளாக இரத்தப் பரிசோதனைக்குப் போகாமல் தட்டிக்கழிக்கிறார் என்பது எனக்கு விளங்கியது.

மொத்தத்தில் எளிய படிப்பு என்று நினைத்து வருபவர்கள் புள்ளியியலிலும் வேதியியலிலும் திணறுகிறார்கள். அதையும் தங்கையிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

---

நெய்தல் எழுதியது:

இழையின் நடுவில் என் கேள்வியையும் கேட்கலாமா? நான் கோயம்புத்தூரில் உணவியல், சத்துணவியலில் இளங்கலை முடித்தவள். கணவர் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறார், நான் அவருடைய துணைவிக்கான எச்-4 விசாவில். கிரீன் கார்டுக்காக என் கணவருக்குப் போட்ட ஐ-140 மனு ஏற்கப்பட்டுவிட்டதால் வேலை அனுமதி அட்டையும் கையில் இருக்கிறது. இங்கே பதிவுபெற்ற உணவியலாளர் ஆகலாம் என்று வந்தேன். 2024 ஜனவரியிலிருந்து அந்தத் தேர்வை எழுதவே முதுகலைப் பட்டம் வேண்டும் என்று மாற்றிவிட்டார்கள். கையில் இரண்டு வயதுக் குழந்தை இருக்கும்போது முதுகலைக்கு உடனே போக முடியாது. கயல் சொன்ன சமூகச் சுகாதாரப் பணியாளர் சான்றிதழ் எனக்குப் பயன்படுமா? மீண்டும் இரண்டாண்டுப் பட்டத்திலிருந்து தொடங்க வேண்டுமா?

---

கயல் எழுதியது:

நெய்தல், நீங்கள் மீண்டும் இரண்டாண்டுப் பட்டம் படிப்பதில் பொருளில்லை. உங்களிடம் ஏற்கனவே இளங்கலை இருக்கிறது; அதை ஒரு மதிப்பீட்டு நிறுவனம் வழியாக அமெரிக்க இளங்கலைக்கு இணையானதா என்று மதிப்பிட்டுச் சான்று பெற்றுக்கொள்ளுங்கள். இணையானது என்று வந்தால், பின்னாளில் எம்பிஎச் எனப்படும் பொதுச் சுகாதார முதுகலைக்குப் போக அதுவே பெரும்பாலும் போதும். புள்ளியியல் இல்லாவிட்டால் அந்த ஒரு பாடத்தைச் சமுதாயக் கல்லூரியில் முடித்துக்கொள்ளலாம்.

சான்றிதழ் உங்களுக்குப் பயன்படும் என்றே நினைக்கிறேன். 2022 ஜூலை முதல் சமூகச் சுகாதாரப் பணியாளரின் சேவைக்கு, குறைந்த வருமானத்தினருக்கான கலிபோர்னியா அரசு மருத்துவக் காப்பீடான மெடி-கால் பணம் கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. அதற்கு முன்பு இந்தப் பணியிடங்கள் பெரும்பாலும் மானியத்தை நம்பி இருந்தன. மேற்குமலை சொன்ன ஆபத்து அவற்றுக்கு முழுமையாகப் பொருந்தியது. இப்போது ஒரு பகுதியாவது காப்பீட்டின் வழியாக வருகிறது. சான்றிதழ் இல்லாதவர்கள் கடந்த மூன்று ஆண்டுகளில் 2,000 மணி நேரக் களப்பணி செய்திருந்தால் அதையும் ஏற்கிறார்கள். ஆனால் பிறகு 18 மாதங்களுக்குள் சான்றிதழ் பெற்றாக வேண்டும். கட்டணத்தைப் பொறுத்தவரை, எச்-4 விசாவில் இருப்பவர்கள் இங்கே ஓராண்டுக்கு மேல் வாழ்ந்து, இதுவே தங்கள் மாநிலம் என்பதற்கான ஆதாரங்களைக் காட்டினால், மாநிலவாசிக்குரிய கட்டணத்தையே செலுத்தலாம். மாணவர் விசாவில் இருப்பவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. சேர்க்கை அலுவலகத்தில் இதைத் தெரியாதவர்கள் இருப்பார்கள். எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் தமிழும் உணவியலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்றைச் சொல்கிறேன். வளைகுடாப் பகுதிக் கோயில் ஒன்றில் நாங்கள் நீரிழிவுப் பரிசோதனை முகாம் நடத்தினோம். ஆசிய வம்சாவளியினருக்கு உடல் நிறைக் குறியீடு 23ஐத் தொட்டாலே நீரிழிவுப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015இலிருந்து பரிந்துரைக்கிறது. பொதுவான அளவு 25. நாங்கள் கொண்டுபோன துண்டறிக்கையில் "கார்போஹைட்ரேட்டைக் குறையுங்கள்" என்று அழகான தமிழில் அச்சடித்திருந்தது. மேசைக்கு வந்த மாமி ஒருவர் அதைப் படித்துவிட்டு, "நான் ராத்திரி சோறே தொடறதில்லை, ரெண்டு சப்பாத்திதான்" என்று நிம்மதியாகச் சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். எங்கள் மக்களிடையே சப்பாத்தி மருந்தாகவே மாறிவிட்டது என்பதும், அதுவும் மாவுச்சத்துதான் என்பது துண்டறிக்கையின் எந்த வரியிலும் இல்லை என்பதும் அப்போதுதான் எங்கள் குழுவுக்கு உறைத்தது. அடுத்த முகாமுக்கு ஒரு தட்டில் இரண்டு சப்பாத்தியும், இன்னொரு தட்டில் அதே அளவு மாவுச்சத்து உள்ள சோறும் வைத்து, பக்கத்தில் பாதித் தட்டுக் கீரையும் பொரியலும் எடுத்துவைத்துக் காட்டினோம். துண்டறிக்கையை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். தட்டுகளைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டு போனார்கள்.

இந்த வேலைக்குச் சமுதாயக் கல்லூரியில் எனக்குக் கற்றுக்கொடுத்த ஒரு பழக்கம் இன்றும் உதவுகிறது. ஒருவருக்கு விளக்கிய பிறகு "புரிந்ததா?" என்று கேட்கக் கூடாது, எல்லோரும் ஆமாம் என்றே சொல்வார்கள். "வீட்டுக்குப் போய் உங்கள் கணவருக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டு, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைக்க வேண்டும். அதில் பிசகினால் தவறு நாம் விளக்கிய விதத்தில் இருக்கிறது. வகுப்பில் இதை ஜோடி ஜோடியாக நடித்துக் காட்டச் சொல்வார்கள். சங்கடமாக இருக்கும், தேர்வை விட அதில்தான் நிறையக் கற்றேன்.

---

மேற்குமலை எழுதியது:

மெடி-கால் விவரம் எனக்குப் புதிது, நன்றி. சான்றிதழ் வழியைப் பற்றிய என் ஐயம் குறைந்திருக்கிறது. ஆனால் பொருநைக்கரை அண்ணனின் மகளைப் பற்றிய என் கேள்வி அப்படியே நிற்கிறது. இளங்கலைதான் இலக்கு என்றால் நேரடியாகச் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்திலேயே சேரலாமே? நான்கு ஆண்டுகளும் ஒரே இடத்தில் இருந்தால் பேராசிரியர்களோடு பழக்கம் உண்டாகும், ஆய்வுக் குழுவில் இடம் கிடைக்கும். இரண்டாண்டு கழித்துப் புதிதாக நுழைபவர் பழகி முடிப்பதற்குள் பட்டமளிப்பு விழா வந்துவிடும். சேமிப்பு பத்தாயிரம் டாலர் அளவில்தான் என்றால் அதற்காக இவ்வளவு அசிஸ்ட், யூனிட், ஒப்பந்தம் என்று அலைய வேண்டுமா?

---

கரும்பலகை எழுதியது:

நல்ல கேள்வி. பணம் ஒரு சிக்கலாக இல்லாத குடும்பத்தில், தனக்கு இந்தத் துறைதான் என்று பதினேழு வயதிலேயே உறுதியாகத் தெரிந்த மாணவிக்கு நேரடிச் சேர்க்கை கிடைத்துவிட்டால் போகட்டும் என்றே நானும் சொல்வேன். சமுதாயக் கல்லூரியில் ஆய்வு வாய்ப்பு குறைவு என்பதும் உண்மை.

ஆனால் சுகாதாரக் கல்வி படிப்பவருக்கு இங்கே கிடைக்கும் ஒன்று அங்கே அவ்வளவு எளிதில் கிடைப்பதில்லை. என் மாலை வகுப்பில் பத்தொன்பது வயதுப் பெண்ணுக்குப் பக்கத்தில், முதியோர் இல்லத்தில் இரவுப்பணி முடித்துவந்த உதவியாளரும், மூன்று குழந்தைகளின் தாயும், வியட்நாமிலிருந்து வந்து ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் நகப்பூச்சுக் கடைத் தொழிலாளியும் உட்கார்ந்திருக்கிறார்கள். பணியிடத்து இரசாயனங்கள் என்ற பாடத்தை நடத்தும்போது நான் படம் போட்டுக் காட்ட வேண்டிய தேவையே இருக்காது; அந்தத் தொழிலாளி கையை நீட்டித் தன் நகக்கண்களைக் காட்டி, கடையில் சன்னல் திறப்பதற்கு முதலாளி ஏன் சம்மதிப்பதில்லை என்பதையும் சேர்த்து விளக்குவார். யாருக்காகச் சுகாதாரத் திட்டங்கள் வகுக்கப்படுகின்றனவோ அவர்களே சக மாணவர்களாக இருக்கும் வகுப்பு அது. கவுன்டியில் ஆள் எடுக்கும் நண்பர்கள் சிலர் இந்த அனுபவத்தை நேர்காணலில் தேடுகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

அலைச்சலைப் பற்றிச் சொன்னீர்கள். அது உண்டு. ஆனால் தொடக்கத்தில் ஒரு மாலை உட்கார்ந்து நான்கு செமஸ்டருக்கும் அட்டவணை போட்டுவிட்டால், பிறகு பெரிய அலைச்சல் இராது.

---

பொருநைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மகளும் நானும் சேர்ந்துதான் இந்தப் பதில்களைப் படித்தோம். தயிர்சாதக் கணக்கை அவள் உடனே போட்டுப் பார்த்தாள். அந்த 5 பேர் மற்றவர் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்திருப்பார்கள், அல்லது அவர்களுக்கு வேறு காரணத்தால் வாந்தி வந்திருக்கும் என்று பனையோலைக்குச் சொல்லச் சொன்னாள்.

டிரான்ஸ்ஃபர் வழியே போவது என்று முடிவு செய்திருக்கிறோம். சான்றிதழை இப்போதைக்கு விட்டுவிடுகிறோம். இன்னும் ஒரே ஓர் ஐயம். நாளைக்கே அவள் மனம் மாறி மருத்துவம் படிக்கிறேன் என்று சொன்னால், இந்த இரண்டு ஆண்டுப் பாடங்கள் செல்லுமா? என் மனைவி இந்தக் கேள்வியைக் கட்டாயம் கேட்கச் சொன்னார்.

---

பனையோலை எழுதியது:

அவளுடைய இரண்டு விடைகளுமே வகுப்பில் வந்தவைதான். மூன்றாவது ஒன்றும் உண்டு: என்ன சாப்பிட்டோம் என்பதை அந்த ஐந்து பேரும் தப்பாக நினைவு வைத்திருக்கலாம்.

---

கரும்பலகை எழுதியது:

ஐயா, உங்கள் துணைவியாரின் கேள்வி பொருத்தமானது. இதில் பலர் ஏமாந்திருக்கிறார்கள். பொதுச் சுகாதாரப் பட்டத்துக்குப் பல கல்லூரிகளில் அறிமுக நிலை வேதியியலே போதும். மருத்துவக் கல்லூரிகள் பெரும்பாலும் எதிர்பார்ப்பது ஆய்வகத்தோடு கூடிய ஓராண்டுப் பொது வேதியியல்; அதற்கு மேல் கரிம வேதியியல், ஓராண்டு உயிரியல், இயற்பியல். அறிமுக நிலைப் பாடம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே மனம் மாறக்கூடும் என்ற எண்ணம் கொஞ்சமேனும் இருந்தால், அறிவியல் துறை மாணவர்களுக்கான பொது வேதியியலையே முதலிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். கல்லூரியின் பட்ட வரிசை அதை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாடம் கடினமானது, ஆனால் இரண்டு கதவும் திறந்திருக்கும்.

அட்டவணை போடும்போது கவனிக்க வேண்டிய நாள் ஒன்று இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் இலையுதிர் காலச் சேர்க்கைக்கு சிஎஸ்யூ, யூசி இரண்டுக்கும் விண்ணப்பம் அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பர் மாதங்களில் போட வேண்டும். அதாவது கல்லூரியில் அவள் இரண்டு செமஸ்டரை மட்டும் முடித்து, மூன்றாவதில் இருக்கும்போதே விண்ணப்பம் போய்விடும். முதல் ஆண்டு மதிப்பெண்தான் அவர்கள் கண்ணில் முதலில் படும். சிஎஸ்யூவுக்கு மாறுபவர்கள் ஆங்கில எழுத்து, மேடைப்பேச்சு, தர்க்கச் சிந்தனை, கணிதம் அல்லது புள்ளியியல் ஆகிய நான்கையும் மாறுவதற்கு முந்தைய வசந்த செமஸ்டருக்குள் சி-மைனஸுக்குக் குறையாத தரத்தில் முடித்திருக்க வேண்டும். புள்ளியியலைக் கடைசிவரை தள்ளிப்போட்டு, அங்கே சறுக்கி, ஓராண்டை இழந்தவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். 2025 இலையுதிர் காலத்திலிருந்து அந்தப் பாடத்துக்கு மாநிலம் முழுவதும் ஸ்டாட் சி1000 என்ற ஒரே எண் வந்துவிட்டதால், கல்லூரிகளுக்கு இடையே குழப்பமும் குறைந்திருக்கிறது. அதை முதல் செமஸ்டரிலேயோ, தப்பினால் இரண்டாவதிலேயோ எடுக்கச் சொல்லுங்கள். கோடையில் ஆறு வாரத்தில் முடிக்கும் வகுப்பில் மட்டும் வேண்டாம்.